கதிர்காமத்துக் காய்ச்சல்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் தொடர்மாடி வீட்டின் வாசலில், பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்து போவோர் வருவோரை விசாரிப்பதுதான் நாகேந்திரத்தாரின் பின்னேர உத்தியோகம். புடவைக்கடையை மகனிடம் விட்டபிறகு அவருக்கு வேறு வேலை இல்லை. மேல்மாடித் துஷாந்தினி பை நிறைய இலைகளோடு பஸ்ஸால் இறங்கி வந்தால் அவருக்குக் கொண்டாட்டம்.

அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். சில பூஞ்சணங்கள் செடியின் இலைக்குள்ளேயே, அதற்கு ஒரு கெடுதியும் செய்யாமல் குடியிருக்கின்றன. இலையைத் துண்டு துண்டாக வெட்டிக் கண்ணாடித் தட்டில் வைத்து, அந்தப் பூஞ்சணங்களை வெளியே வளரவிட்டு, அவற்றின் சாற்றில் மலேரியாக் கிருமியைக் கொல்வது ஏதும் உண்டா என்று தேடுகிறாள்.

"பிள்ளை, பூஞ்சணம் வளர்க்க இவ்வளவு படிப்பு வேணுமே? என்ர மனிசி பாண் துண்டை மறந்துபோய் வச்சா அது தன்பாட்டில வளருது" என்பார் நாகேந்திரத்தார். துஷாந்தினி சிரித்துவிட்டு மேலே ஏறிவிடுவாள்.

ஊரார் கதையெல்லாம் பேசும் இந்த வாய், தன் கதை என்று வந்தால் மட்டும் இறுகப் பூட்டிக்கொள்ளும். நல்ல காரியத்தை முன்கூட்டிச் சொன்னால் கண்ணூறு பட்டுக் கெட்டுப்போகும் என்பது அவருடைய வேதம். முன்னொரு காலம் அவர் போட்ட இறால் பண்ணை படுத்துப்போனதற்குக் காரணம் தண்ணீரும் அல்ல, தீனியும் அல்ல. மச்சான் சிவபாலன் வந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னதுதான் காரணம். அப்படித்தான் அவர் இன்றைக்கும் சாதிப்பார்.

ஆகவே, தெஹிவளைக் கல் வியாபாரி பதியுதீன், "மடகஸ்காருக்கு நீலக்கல் வாங்கப் போறேன், வாரீங்களா?" என்று கேட்டபோது, நாகேந்திரத்தார் மனைவியிடம் சொன்னது வேறு கதை. கதிர்காமத்தில் மடத்தில் தங்கி விரதம் இருக்கப் போகிறாராம். விரதம் முடியும்வரை போனைத் தொடமாட்டாராம். பாலேஸ்வரி அம்மாள் உருகிப்போய் உடுப்பை மடித்துக் கொடுத்தாள்.

அந்த நாட்டில் மலேரியா உண்டு, போகிறவர்களுக்கு அரசாங்கமே தடுப்பு மாத்திரை சும்மா கொடுக்கிறது, வாருங்கள் எடுப்போம் என்று பதியுதீன் கெஞ்சிப் பார்த்தார். மாத்திரை கொடுக்கும் அலுவலகத்துக்குப் பக்கத்தில்தான் சிவபாலனுக்கு வேலை. கண்டுவிட்டால்? நாகேந்திரத்தார் போகவில்லை. கெடுகுடி சொற்கேளாது என்று சும்மாவா சொன்னார்கள்.

மடகஸ்காரில் கல் ஒன்றும் சரிவரவில்லை. திரும்பி வந்த மனிதர், காலி வீதிக் கடையில் விபூதி வாங்கி, கதிர்காமத்து விபூதி என்று வீடு வீடாகக் கொடுத்தார். முருகா, அதையும் எல்லோரும் கண்ணில் ஒற்றித்தான் பூசினார்கள்.

ஒன்றிரண்டு கிழமையில் குளிர் பிடித்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கட்டில் ஆடியது. பிறகு நெருப்பாய்க் காய்ந்து, வியர்த்து வடிந்து விட்டுவிடும். அடுத்த நாள் எழுந்து இடியப்பம் சாப்பிடுவார். அதற்கு அடுத்த நாள் மறுபடி ஆட்டம்.

பக்கத்து டிஸ்பென்சரி டாக்டர் டெங்கு பார்த்தார், இல்லை. வெளிநாடு எங்கேயும் போனீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, கதிர்காமம் மட்டும்தான் என்றார் நாகேந்திரத்தார். கூட வந்த பாலேஸ்வரி, இவர் கட்டுநாயக்கா விமான நிலையப் பக்கமே போனதில்லை என்று அடித்துச் சொன்னாள். நம் நாட்டில் மலேரியாவை ஒழித்து வருஷக்கணக்கு. வெளியே போகாத மனிதனுக்கு அது வந்திருக்கும் என்று டாக்டர் சாத்திரமா பார்ப்பார்? பெனடோலும் ஓய்வும் சொல்லி அனுப்பினார்.

நாகேந்திரத்தாருக்கு மட்டும் உள்ளுக்குள் தெரியும். உயிர்ப் பயமும் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் மானம் போகும், திறக்காவிட்டால் உயிர் போகும். அப்போதுதான் மேல்மாடிப் பூஞ்சணம் ஞாபகம் வந்தது. பாலேஸ்வரி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறினார். தன் சிநேகிதன் ஒருவனுக்கு மலேரியா போல இருக்கிறது, அந்தச் சாற்றில் கொஞ்சம் தரமுடியுமா என்று கேட்டார். ஆராய்ச்சி இன்னும் தட்டோடுதான் நிற்கிறது, மருந்தாக எத்தனையோ வருஷம் ஆகும் என்றாள் துஷாந்தினி.

"அந்த இலையை அவிச்சுக் குடிச்சால்?"

"தட்டில வச்சா நெருப்பும்தான் கிருமியைக் கொல்லும், அங்கிள். அதுக்காக நெருப்பை விழுங்கேலுமே? உங்கட சிநேகிதன் எங்க போனவர்?"

"மடகஸ்கார்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்த கதிரையின் கால்கள் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"உங்கட சிநேகிதனுக்கு இப்பவும் நடுங்குது, அங்கிள்."

மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். இன்றைக்கே போகாவிட்டால் மூளைக்கு ஏறலாம், இங்கே உங்களைக் கடிக்கிற நுளம்பு கிருமியை இந்தக் கட்டடம் முழுவதும் கொண்டுபோய்க் கொடுக்கலாம், இதற்கு நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் சும்மா கிடைக்கிறது என்று அவள் படபடவென்று சொன்னாள். மனிசிக்குத் தெரியாமல் போகலாமா என்று அப்போதும் கேட்டார் பாருங்கள்!

தெரியாமல் போகமுடியவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஒரு பக்கம் பாலேஸ்வரி, மறுபக்கம் செய்தி கேட்டு ஓடிவந்த சிவபாலன். அங்கிருந்த டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். நாகேந்திரத்தார் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் கதிர்காமம் போகேல்லை. மடகஸ்கார் போனனான்."

உடனே இரத்தம் எடுத்தார்கள். மலேரியாதான். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மருந்து ஏறி, காய்ச்சல் விட்டு, மனிதர் கஞ்சி குடிக்கத் தொடங்கும்வரை பாலேஸ்வரி பொறுத்திருந்தாள். பிறகு பேசினாள்.

"நீங்கள் விரதம் எண்டு நானும் அவ்வளவு நாளும் மச்சம் மாமிசம் தொடேல்லை. அது போகட்டும். ஊர்க் கண் பட்டு ஒருத்தரும் சாகேல்லை, இஞ்சாருங்கோ. டாக்டரிட்ட ஒளிச்சுத்தான் சாகப் பாத்தியள்."

சிவபாலன், வீட்டிலிருந்து கொண்டுவந்த தோடம்பழத்தை உரித்துக் கொடுத்தான். நாகேந்திரத்தாருக்கு அதுதான் பெரிய வெட்கமாக இருந்தது.

சுகாதாரப் பகுதியினர் வந்து தொடர்மாடியில் எல்லோருக்கும் விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள், நுளம்பு தேடினார்கள். நல்லகாலம், வேறு எவருக்கும் இல்லை. வீடு திரும்பிய நாகேந்திரத்தார் கதவு கதவாகப் போய் நடந்ததைத் தன் வாயாலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டார். கடைசியாக மேல்மாடிக்கு வந்தார். பூஞ்சணத்தைப் பழித்ததற்கும் சேர்த்துத்தான் கேட்டார்.

"புது மருந்தைக் கெதியாக் கண்டுபிடி பிள்ளை. என்னைப்போல ஆக்களுக்கு உதவும்."

துஷாந்தினி இலைப் பையை ஒரு பக்கம் ஒதுக்கி அவருக்கு உட்கார இடம் கொடுத்தாள்.

"பழைய மருந்துகளுக்குக் கிருமி பழகிக்கொண்டு வருது, அதுக்குத்தான் தேடுறம். ஒரு நாளைக்குக் கிடைக்கும். ஆனா டாக்டரிட்ட உண்மையை மறைக்கிற ஆளுக்கு எந்த இலைக்குள்ளயும் மருந்தில்லை, அங்கிள்."