கேரவன் கூரையில் ஒரு விரலகலம்

“நீ எத்தன கிலோ இருப்ப?”

ஏலவார்குழலியிடம் டேனியல் கேட்ட முதல் கேள்வி அது. ஒரு பெண்ணைப் பார்த்து யாராவது இப்படிக் கேட்பார்களா? அவள் பஞ்சர் கடைக்குள் ஓடி, டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவள் அப்பா குமாரசாமிதான் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அவள இன்னாத்துக்குக் கேக்குற? என்னக் கேளு. தொண்ணூறு.”

“அதனாலதாண்ணா கேட்டேன். நீங்க மேல ஏறுனா கூரைய பேத்துக்கினு உள்ள வந்து நிப்பீங்க.”

சினிமாவுக்கும் விளம்பரப் படங்களுக்கும் வாடகைக்குப் போகும் கேரவனின் டிரைவர் டேனியல். முதலாளி பிரேம்நாத் பழைய வெளிநாட்டு வண்டியாகப் பார்த்து வாங்கியிருந்தார். அதன் கூரை தகரம் இல்லை. மெல்லிய பலகைமேல் ரப்பர் விரித்து ஒட்டியது. ஏனாத்தூர் சாலையில் ஒரு புளியங்கிளை அதை முழ நீளத்துக்குக் கிழித்துவிட்டது. நனைந்து நைந்த பலகை கனத்த ஆளைத் தாங்காது.

ஆக, குழலி ஏறினாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது எழுந்து ‘உள்ளேன்’ சொல்லக் குரல் வராமலே பிளஸ் ஒன்னோடு நின்றுவிட்டவள். கூரைமேல் அவளைப் பார்க்க யாரும் இல்லை. கை தானாக ஓடியது. பஞ்சர் கடைப் பழக்கத்தில் துடைக்கப் பெட்ரோல் கேட்டாள்.

“ஐயோ, வேணாம்மா! பெட்ரோல் பட்டா இந்த ரப்பர் உப்பிடும். சோப்புத் தண்ணி போதும்” என்று ஏணியில் நின்றபடி வாளியை நீட்டினான் டேனியல்.

கழுவிக் காயவைத்து, கிழிசல்மேல் புது ரப்பரை ஒட்டி, உருளையால் அழுத்தினாள். ஓரங்களை அடைக்கும் சீலன்ட் பசையைக் கோடு கோடாக இழுத்தாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

“மேலேர்ந்து கோபுரம் தெரியுதா?”

“தெரியுது.”

“எத்தினி?”

அவள் எண்ணிச் சொன்னாள். வெளியாள் ஒருவரிடம் அவள் இவ்வளவு பேசி வெகுநாளாயிற்று. கடைக்கு வரும் ஆண்கள் எல்லாரும் அவளுக்கு அண்ணாதான். இவனை மட்டும் அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. ‘இந்தாங்க’, ‘அத எடுங்க’ என்றே ஒப்பேற்றினாள்.

“இனிமே ஒழுவாது இல்ல? ஒழுவுச்சு, நேரா உங்கிட்டதான் வந்து நிப்பேன், பாத்துக்க” என்று அவன் சீண்டினான்.

அப்போது அவள் கிழிசலை ஒட்டிக் கூரைமேல் இருந்த ஏசிப் பெட்டியைச் சுற்றிக் கடைசிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். இரு முனையும் சேர ஒரு விரலகலம் இருக்கும்போது கை நின்றது. முனைகளைக் கட்டைவிரலால் நீவிவிட்டு இறங்கினாள். உள்ளே ஒரு சொட்டு இரண்டு சொட்டு விழும். திட்டிக்கொண்டே வருவான். வரட்டும்.

மழை வந்தது. அன்று மாகறல் கோயில் பக்கத்தில் புடவைக்கடை விளம்பரப் படப்பிடிப்பு. ஏசிக்கு நேர் கீழே முகூர்த்தப் பட்டுகளை மாட்டி வைத்திருந்தார்கள். பலகைச் சாயம் ஊறிய பழுப்புத் தண்ணீர் ஒவ்வொன்றிலும் இறங்கியிருந்தது.

மறுநாள் கேரவன் வந்து நின்றது. குழலி ஓடி வந்தாள். முதலில் இறங்கியவர் பிரேம்நாத்.

“பஞ்சர் ஒட்டுற கையில வண்டியக் குடுத்தா இதான் கதி!”

“சார், அளந்து பேசுங்க. எம் பொண்ணு ஒட்டுனா ஒரு சொட்டு எறங்காது. உங்காளு காத்துக்கு மேல ஏறிப் படுத்துக்கினு இருந்திருப்பான், பேந்திருக்கும்” என்றார் குமாரசாமி.

பிரேம்நாத் டேனியலைப் பார்த்துத் திரும்பினார். “படுத்தியா?”

“நான் ஏறவே இல்ல சார்.”

“அப்ப ஏறிப் பாரு. இவங்க தப்புன்னா புடவைக்கு இவங்க பதில் சொல்லட்டும். உன் தப்புன்னா சாவியக் குடுத்துட்டு நட.”

டேனியல் குறுக்கே பலகை போட்டுத் தவழ்ந்து போனான். குழலி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆள் படுத்துப் பெயர்ந்த பசை என்றால் பிய்ந்து பிசிறாக நிற்கும். அங்கே பிசிறு இல்லை. இரு முனையும் வழவழவென்று இருந்தன. இரண்டிலும் ஒரு சின்னக் கட்டைவிரல் பதிந்திருந்தது.

அவன் வெகுநேரம் குனிந்திருந்தான். பிறகு தலையைத் தூக்கிக் கீழே நின்ற அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. புரியாதவனாகத்தான் பார்த்தான். அப்புறம் அவனுக்குப் புரிந்துவிட்டது. குழலி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இன்னாடா? யாரு தப்பு?” என்றார் பிரேம்நாத்.

டேனியல் இறங்கி வந்தான். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். வண்டிக்குள் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

“நான் சொல்லல?” என்றார் அப்பா.

‘நான்தான்’ என்பது குழலியின் தொண்டைவரை வந்து நின்றது. அவன் சாலையைக் கடந்துகொண்டிருந்தான். கூப்பிட்டால் திரும்புவான். என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? அண்ணா என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெயரையும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, பின்படியில் ஏறிக்கொண்டான்.