அந்நியர்களைப் பற்றிய அத்தியாயம்

அப்பாவின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்க மகளால் முடியவில்லை. அவள் கணவன்தான் தோளை மெல்லத் தூக்கி நுழைத்தான். மூன்று மாதமாக அந்த உடம்பைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்தவன் அவன்.

அவன் எல்லைக்கு அந்தப்பக்கத்து நாட்டுக்காரன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அப்பா அவனை ஒருநாளும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. "அந்தாளு"தான். அவனும் "சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

அப்பா கல்லூரியில் முப்பது வருடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களை நடத்தியவர். வேற்று நாட்டிலிருந்து வாழ வந்தவளை ஊரே ஒதுக்கிவைக்கும் கட்டம் வந்தால் வகுப்பிலேயே குரல் உடைந்துவிடும். பக்கவாதம் வந்து விரல்கள் மடங்கிப்போனபின், கடைசிப் புத்தகத்தை அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ததும் அந்தாளுதான். நேற்றுக் காலை அந்நியர்களைப் பற்றிய அத்தியாயம் முடிந்தது.

"ஒற்றெல்லாம் சரியா போட்டியா? உங்காளுங்களுக்கு அது எங்க வரும்னே தெரியாதே."

"பார்த்துட்டேன் சார்."

மத்தியானம் மூச்சு நின்றுவிட்டது.

கூடத்தில் அப்பாவின் பழைய மாணவர் ஒருவர் கண்ணைத் துடைத்தார். "அந்நியனோட வலி என்னன்னு எங்களுக்குக் காட்டினதே சார்தாம்மா." சொல்லிவிட்டு, காலி டம்ளரைத் திரும்பிப் பார்க்காமலே அவள் கணவனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான்.

தம்பி அவளைத் தனியே அழைத்தான்.

"அக்கா, பெட்டியத் தூக்க ஆறு பேரு சொல்லிட்டேன். அத்தான் வேணாம். நானா சொல்லல. அப்பாவே எழுதிவச்சிருக்காரு, நம்ம ஆளுங்க மட்டும் தொட்டாப் போதும்னு."

"எப்ப எழுதினாரு?"

"போன மாசம்."

"போன மாசம் அவருக்கு ஸ்பூன் பிடிக்கவே கை வரலையேடா."

தம்பி தாளை நீட்டினான். தட்டச்சு செய்திருந்தது. ஒரு பிழைகூட இல்லை. அடியில் அப்பாவின் கைநாட்டு.

சமையலறையில் கணவன் அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"இதையும் நீங்கதான் அடிச்சீங்களா?"

"சார் சொன்னாரு. அடிச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவன் குழாயை மூடினான்.

பெட்டி வேனில் ஏறியது. "அக்கா, ஏறு. நேரமாச்சு" என்றான் தம்பி.

"நீங்க போயிட்டு வாங்க."

வேன் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள். அப்பாவின் கட்டிலிலிருந்து அவன் விரிப்பை உருவிக்கொண்டிருந்தான். அவள் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.