பூனைகள் வாங்கிக்கொண்ட தூக்கம்

தழைக்காரரின் மகள் பூனைப்புதினாக் கஷாயம் குடித்தால் தெருவிலுள்ள பூனைகள் எல்லாம் தூங்கிவிடும். அவள் மட்டும் விழித்திருப்பாள். இதை முதலில் கவனித்தவர் எதிர்க்கடைத் தையல்காரர். மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பார்கள். ஆனால் அந்தத் தெருவில், தழைக்காரர் வீட்டு அடுப்பிலிருந்து பாத்திரம் இறங்கி மகள் முதல் வாய் குடித்ததும், மதிலில் நடந்துகொண்டிருந்த பூனை கண்ணை மூடிக்கொண்டு, தையல்காரர் வெட்ட விரித்திருந்த துணிமேல் வந்து விழுந்தது. எழுப்பிப் பார்த்தார், எழவில்லை. பூனையைச் சுற்றிக் கத்தரியை ஓட்டிச் சட்டையை வெட்டி முடித்தார். சட்டையின் கை கொஞ்சம் அகலமாகிப்போனது.

தழைக்காரர் குடும்பம் பல தலைமுறைகளாகப் பூனைப்புதினாவை நம்பிப் பிழைத்தது. சாம்பல் பூத்த இலை, வெளிர் ஊதாப் பூ, சதுரமான தண்டு. காய்ச்சல்காரனை வியர்க்க வைக்கவும், இருமலுக்கும், பச்சைக் குழந்தையின் வயிற்று முறுக்கலுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம் வராதவர்களுக்கும் அந்த வீட்டில்தான் தழை வாங்குவார்கள். கடைவாசலில் ‘உறக்கம் உறுதி’ என்று தாத்தா எழுதிய பலகை தொங்கியது. சோதிக்காத சரக்கை அந்தக் குடும்பத்தில் எவரும் விற்றதில்லை. காய்ந்த இலையில் ஒரு பிடியைக் கசக்கித் தரையில் போட்டு வீட்டுப் பூனையைக் கூப்பிடுவார்கள். அது முகத்தைத் தேய்த்து, எச்சில் ஒழுகப் புரண்டால் சரக்கு தேறியது. முகர்ந்துவிட்டு நடையைக் கட்டினால் மூட்டையோடு குப்பைக்கு. எந்தப் பூனை அந்த வேலைக்கு வந்தாலும் அதற்கு இன்ஸ்பெக்டர் என்றே பெயர். பூனையைச் சொக்க வைப்பது மனிதனைத் தூங்க வைக்கும் என்பதில் அவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மகளுக்குத் தூக்கம் போனது அவள் தாய் இறந்த வருஷம். தழைக்காரர் கஷாயம் கொடுத்தார், பூனைகள் தூங்கின. மருந்தில் கோளாறு இல்லை, வீரியம் தெருக்கோடி வரை போகிறதே என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இலையின் அளவைக் கூட்டினார். பூனைகள் இரண்டு நாள் தூங்கின, அவற்றின் வாலைத் தாண்டி எலிகள் நடந்தன.

அவருடைய அக்காள் மகன் தாவரங்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலையில் இருந்தான். ஒரு கட்டுத் தழையை எடுத்துப்போனவன் சில மாதம் கழித்து வந்து, தின்பண்டம் எதையும் தொடாமல் உட்கார்ந்தான்.

“மாமா, இதோட வாசனை பூனைக்குத்தான் வேலை செய்யுது. அதுலயும் எல்லாப் பூனைக்கும் இல்ல. மனுஷனுக்குத் தூக்கம் வரும்னு சொல்ல ஆதாரம் பத்தாது. ஒண்ணே ஒண்ணு நல்லா நிக்குது. இதோட எண்ணெய்கிட்ட கொசு வராது.”

“எங்க தாத்தா மருந்தைக் கொசுவத்தி ஆக்கிட்டியேடா.”

“அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம் மாமா. இப்பவே போனா ஏதாவது பண்ணலாம்.”

தழைக்காரர் நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். “இந்தப் பலகை தொங்குற வீட்டுப் பொண்ணு, தூக்கம் கேட்டு இன்னொருத்தன் வாசல்ல நிக்கணுமா?”

உள்கதவருகே நின்ற மகள், “போகலாம்ப்பா,” என்றாள். அந்த ஒரு முறைதான் கேட்டாள். அவர் காதில் நன்றாகவே விழுந்தது. இன்னொரு பிடி இலையைக் கசக்கி இன்ஸ்பெக்டர் முன் போட்டார். அது புரண்டது.

வருஷங்கள் போயின. தெருக்காரர்கள் பூனைகளை மிதிக்காமல் நடக்கப் பழகினார்கள். மழை வந்தால் துணியோடு துணியாக அவற்றையும் எடுத்து உள்ளே போட்டார்கள். “உங்க மக தூக்கத்தைத்தான் இதுங்க பங்கு போட்டுத் தூங்குது அண்ணே,” என்று தையல்காரர் சொன்ன நாளிலிருந்து தழைக்காரர் அவரிடம் சட்டை தைக்கக் கொடுக்கவில்லை. மகளுக்கு முதலில் கொட்டாவி மறந்தது, பிறகு கனவு. கடைசியில் தலையணை எதற்கென்று மறந்து அதில் மிளகாய் காயவைத்தாள்.

ஒரு மத்தியானம் தழைக்காரர் கிடங்குக்குள் போனபோது மகள், தூங்கிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் பக்கத்தில் படுத்திருந்தாள். அதன் வயிறு ஏறும்போது மூச்சை இழுத்தாள், இறங்கும்போது விட்டாள். இமைகளை விரலால் இழுத்து மூடினாள். விரலை எடுத்ததும் அவை மேலே போய்விட்டன. மறுபடி மூடினாள். அவர் சத்தமில்லாமல் வெளியே வந்து, தெருவே பார்க்க முக்காலி போட்டு ஏறி, பலகையைக் கழற்றினார். அக்காள் மகனைக் கார் கொண்டுவரச் சொன்னார்.

“கிளம்பும்மா. ஆஸ்பத்திரிக்குப் போறோம். தூங்க வைப்பாங்க.”

“தூங்கறதுன்னா, இதுங்க பண்ணுதே, அதுவாப்பா?” என்று மகள் கேட்டாள். அவர் ஆமாம் என்றார். “எனக்கு மறந்தே போச்சு. அங்க போய் எதைன்னு கேக்கறது?”

போனார்கள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, ஆரம்பத்திலேயே வந்திருக்க வேண்டும் என்றார். ஆனாலும் மாத்திரை கொடுத்தார். மகள் விழுங்கினாள், ஆஸ்பத்திரி வளாகத்துப் பூனைகள் தூங்கின. வேறு மாத்திரை மாற்றியதில் இன்னும் ஆழமாகத் தூங்கின. அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது கடைவாசலில் ‘கொசுவுக்கு’ என்று புதுப் பலகை தொங்குகிறது. வியாபாரத்துக்குக் குறைவில்லை. சரக்கை இன்றைக்கும் இன்ஸ்பெக்டர்தான் சோதிக்கிறது. யாருக்கும் முதுகை வளைக்காத தழைக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் தூக்கத்துக்குத் தழை கேட்பதில்லை. உள்ளே, காயும் கட்டுகளுக்கு நடுவில் மகள் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவளை ஒரு கொசு கடித்ததில்லை.