வேலைக்காரனுக்குப் போட்ட குரல்

குரல் மாற்றிப் பேசுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதனால்தான் நாங்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில் எங்கள் தமிழ் முதியோர் சங்கம் பழைய ஸ்பானியக் குடும்பப் படமொன்றைப் போட்டபோது, தமிழில் பேசுகிற வேலையைக் கேட்டு வாங்கினேன். படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் பார்த்து, தகப்பன், தாய், ஒன்பது பிள்ளைகள் எல்லாருக்கும் நான் ஒருவனே மைக்கில் பேசவேண்டும்.

படத்தைக் கொண்டுவந்த மெலனி முதலே எச்சரித்தாள். "அங்கிள், அந்த வீட்டு வேலைக்காரன் உண்மையான கறுப்பு ஆள் இல்லை. வெள்ளைக்காரன் மேக்கப் போட்டு நடிச்சிருக்கிறான். படத்தை ஸ்ராட் பண்ண முதல் நீங்கள் அதைச் சொல்லவேணும்."

சொன்னேன். நன்றாகவே சொன்னேன். மற்றவர்களைச் சிரிக்க வைக்க ஒருவன் முகத்தில் கரி பூசுவது எவ்வளவு கேவலம் என்று ஐந்து நிமிடம் முழங்கினேன். கைதட்டினார்கள்.

முன்வரிசையில் என் சிநேகிதர் றெமிஜியஸ் இருந்தார். தான் கிறிஸ்தவ வேதக்காரர் என்றாலும், பதினொரு வருடமாக என்னை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் காரில் ஏற்றிப்போய், வெளியே காத்திருந்து கூட்டிவருகிறவர். வவுனியாக்காரர் என்று சொல்லியிருக்கிறார். பேச்சு அப்படியே எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு. பக்கத்தில், போன மாதம் இலங்கையிலிருந்து வந்த அவருடைய தாய் சவரியம்மா.

படத்தில் வேலைக்காரன் தட்டோடு வந்தான். கீழே ஓடிய எழுத்திலும் அவன் பேச்சு அரைகுறையாகவே இருந்தது. அவனுக்கு என்ன குரல் போடுவதென்று நான் யோசிக்கவே இல்லை. நான் பார்த்து வளர்ந்த நாடகங்களில் வேலைக்காரன் வந்தால் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சுத்தான் பேசுவான். அதைக் கேட்டாலே நாங்கள் சிரிப்போம்.

"தொரை, சோறு ஆக்கிட்டேனுங்க. சாப்புட வாங்க."

மண்டபம் குலுங்கியது. எனக்கு உசார் ஏறிவிட்டது. எழுத்தில் இல்லாத வசனங்களையும் அள்ளிவிட்டேன். ஒருவர் கண்ணைத் துடைத்தபடி, "இராஜரட்ணம் அண்ணை, வயிறு நோகுது, விடுங்கோ!" என்று கத்தினார். நான் விடவில்லை. றெமிஜியஸ் மட்டும் குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கி விழுகிறார் என்று நினைத்தேன்.

படம் முடிந்ததும் சவரியம்மா எழுந்து நேரே என்னிடம் வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். மைக் பிடித்திருந்த என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க எந்தத் தோட்டம்?"

மைக்கை நான் நிற்பாட்டியிருக்கவில்லை. கேள்வி மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நாங்க மலையில அட்டன் பக்கமுங்க. கலவரத்துல தோட்டத்துலேருந்து வெரட்டுனதாலதான் வவுனியாவுக்கு வந்தோம். இங்க வந்து ஒரு மாசமா வீட்டுக்கு வெளிய எங்கயும் நம்ம பேச்சக் கேக்கவே இல்ல. இன்னிக்குத்தான் காது குளுந்துச்சு."

சற்றுமுன் சிரித்தவர்கள் எல்லாரும் றெமிஜியஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஏளனத்துக்குப் பயந்து பதினொரு வருடமாக இந்த மனிதர் தன் பேச்சை ஒளித்து வைத்திருக்கிறார். நானோ அதையே மைக்கில் பேசி ஊரைச் சிரிக்க வைத்தேன். கரி பூசியவனை ஏசிய அதே வாயால்.

றெமிஜியஸ் வந்து தாயின் தோளில் கை வைத்தார். என்னிடம் ஒருநாளும் பேசியிராத பேச்சில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அம்மா, அவரு நம்ம ஆளு இல்ல. நம்மளாட்டம் பேசிக் காட்டுனாரு, அவ்வளவுதான். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

சவரியம்மா என் கையை விட்டார். மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடமே கேட்டார்.

"அப்ப இவங்கல்லாம் நம்மளப் பாத்துத்தான் சிரிச்சாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். றெமிஜியஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் அந்தப் பொய் வரவில்லை.

"ஓம், அம்மா" என்றேன்.