கேக்கமாட்டா

ஹாலித் அண்ணன் இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவன் கம்ப்யூட்டரைப் போட்டேன். கேம் திக்கித் திணறியது.

ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்யும்போது அண்ணன் வேகத்தை ஒரு படி ஏற்றுவான், அரை மணி நேரம் சூடு பார்ப்பான், அப்புறம்தான் அடுத்த படி. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. வோல்டேஜைத் தொடாமல் நேரே 5.2 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினேன். திரை கறுத்தது. மூன்று முறை தானே அணைந்து எழுந்து, பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டது.

வேகத்தை மாற்றும் பயாஸ் திரைக்குள் மறுபடி போனேன். அண்ணன் சேமித்துவைத்த செட்டிங்குகள் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு ‘ஹாலித்’ என்று பெயர். மற்றதற்கு ‘கேக்கமாட்டா’. என்னைப் பற்றி அம்மாவிடம் அவன் தினமும் சொன்ன வார்த்தை.

அதைத் திறந்தேன். அதே 5.2. வோல்டேஜை மட்டும் கொஞ்சம் கூட்டி, எண்பது டிகிரியைத் தொட்டால் வேகம் தானே இறங்கும்படி கட்டுப்பாடும் போட்டிருந்தான்.

அதையே போட்டேன். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. சூடு எழுபத்தெட்டைத் தாண்டவில்லை. ஃபேன் மட்டும் அவன் உட்கார்ந்து ஆடும்போது இரைவதுபோலவே இரைந்தது.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஹாலிது, போதும்ப்பா. சாப்பிட வா.”