கொக்கி மாட்டிய வீடு

பீர் காய்ச்சும் கொட்டகையில் பிடித்த தீ தெருவைத் தின்றுகொண்டே வந்தது. மரச்சட்டமும் களிமண்ணும் வைக்கோல் கூரையுமான வீடுகள், கேட்கவா வேண்டும்? இன்னும் இரண்டு வீடு தாண்டினால் தாமசினின் வீடு.

ஊர்க் கொக்கி அவள் புருஷன் ஆம்ப்ரோஸின் பொறுப்பு. நுனியில் இரும்புக் கொக்கி வைத்த அந்த நீளக் கழியைத் தேவாலயத்திலிருந்து கொண்டுவந்து கூரைமுகட்டில் மாட்டி, குதிரைகளை விட்டு இழுத்து, தீ வருவதற்குள் ஒரு வீட்டைத் தரைமட்டமாக்க வேண்டும். இடைவெளி இருந்தால்தான் மிச்சத் தெரு பிழைக்கும். இன்றைக்கு இடிய வேண்டிய வீடு இவர்களுடையது. இதைத் தாண்டி அடுத்த வீட்டிலோ வினிஃப்ரெட் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கவே முடியாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

கொக்கி மாட்டியாகிவிட்டது. குதிரைகளும் தயார். ஆம்ப்ரோஸ் மட்டும் கையைத் தூக்கிச் சைகை காட்டவில்லை.

"கொஞ்சம் பொறுங்கடா. காத்து திரும்பும்."

"போன வருஷம் என் வீட்ட இழுக்கிறப்ப காத்துகிட்ட கேட்டியாக்கும்?" என்று கூட்டத்திலிருந்து ராஃப் கத்தினான்.

"இது எங்கப்பன் கட்டின வீடுடா!"

"என் வீடு மட்டும் என்ன, காளானாட்டம் தானா முளைச்சுதா?"

தலைக்குமேல் பொறி பறந்தது. வினிஃப்ரெட் மறுபடி அலறினாள். தாமசின் ஆம்ப்ரோஸின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, கையத் தூக்குங்க. ரெண்டு உசுருங்க அங்க!"

"வாய மூடு!"

அவள் ஓடிப்போய் முன்குதிரையின் முதுகில் ஓங்கி அறைந்தாள். "இழுங்க!"

முகடு முறிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பெருக்கித் துடைத்த வீடு, தூசும் வைக்கோலுமாகத் தெருவில் குவிந்தது.

சற்று நேரத்தில் புகை ஆற்றுப்பக்கம் சாய்ந்தது. முதலில் யாரும் நம்பவில்லை. காற்று திரும்பியேவிட்டது. தீ இரண்டு வீடு தள்ளியே நின்றுபோனது. அடுத்த வீட்டில் குழந்தை வீரிட்டது. ஜனங்கள் தொப்பியைக் கழற்றி ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள்.

ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றவில்லை. இடிபாட்டை மிதித்துக்கொண்டு அவளிடம் வந்தான்.

"சொன்னேனா இல்லையா?" மெதுவாகத்தான் கேட்டான்.

"வினிஃப்ரெட் பொழைச்சாளே..." என்று இழுத்தாள்.

"அவ எப்படியும் பொழைச்சிருப்பா."

தீ அடங்கியும் தாமசினின் பயம் அடங்கவில்லை. இன்றிரவு யார் வீட்டு மூலையில் இடம் கிடைத்தாலும், இந்த மனிதனுக்குப் பக்கத்தில்தான் அவள் படுக்க வேண்டும்.