கரிநாளில் பிறக்காத கோப்பு

ராயபுரத்தில் கிருஷ்ணப்பன் நடத்திய கிளியரிங் ஏஜென்சியில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதைத் தட்டத் தெரிந்த லியோனார்டும் ஒருவன்தான். இரண்டாயிரத்து இரண்டிலேயே அந்த மெஷினில் லினக்ஸ் ஏறியிருந்தது. அது இனாம் என்று யாரோ முதலாளியின் காதில் ஓதியிருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், கப்பலேறப் போகும் ஒரு கன்டெய்னர் இறாலுக்கான பேப்பரை லியோனார்ட் அடித்து முடித்தான். மத்தியானம் அச்செடுக்க உட்கார்ந்தால் கோப்பைக் காணோம். கோப்புகளுக்குப் புனிதர்களின் பெயர் வைப்பது அவன் வழக்கம். இன்றைக்கு எந்தப் புனிதரைக் கூப்பிட்டோம் என்பது மறந்துவிட்டது. உள்ளே இறாலைத் தேடலாமென்றால் எல்லாப் புனிதர்களிடமும் இறால்தான்.

லாரி டிரைவர் ஜெயவேல் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"இன்னா நைனா, பேப்பர் வருமா வராதா? ஐஸு கரைஞ்சிகினு கீது. கொடுங்கையூர் குப்பமேட்டு காக்காவெல்லாம் வண்டி மேல சீட்டு புடிச்சிட்ச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. காக்கைகள் வரிசையாகத்தான் உட்கார்ந்திருந்தன. வயதான காக்கைகளுக்கு முன்பக்கம் இடம் விட்டிருந்தன.

உள்ளறையிலிருந்து கிருஷ்ணப்பன் குரல் வந்தது. "ஹார்பர் கேட்ட மூடறதுக்குள்ள சரக்கு உள்ள போவலைன்னா, திங்கக்கெழமை நீ இந்தப் பக்கம் வராதே, லியோனார்டு!"

லியோனார்ட் கீபோர்டை இழுத்துக்கொண்டான். இன்று பிறந்த கோப்புகளையெல்லாம் காட்டு என்று find கட்டளையைத் தட்டினான். மெஷின் ஆயிரக்கணக்கில் கொட்டியது. அத்தனையும் மெஷின் தனக்குத்தானே பெற்றுக்கொண்டவை. தேடத் தேடப் புதிதாகவும் பெற்றுக்கொண்டிருந்தது. சரி, என்னுடைய இடத்தில் மட்டும் பார் என்றான். மெஷின் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய் நின்றது.

கட்டளைதான் தப்போ என்று வெறும் கோப்பு ஒன்றைப் படைத்துத் தேடினான். உடனே காட்டியது. அப்படியானால் கட்டளை சரி, மெஷின் சரி. மிச்சமிருப்பது லியோனார்ட் மட்டும்தான். காலையில் நிஜமாகவே அடித்தோமா, அடித்ததாகக் கனவு கண்டோமா?

"மொதலாளி, காலைல நான் டைப் அடிச்சத நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்டா. நீ அடிச்சு முடிச்சி டீ குடிக்கப் போனப்புறம்தான் மெஷின இன்னைக்கித் தேதிக்குத் திருப்பி வெச்சேன்."

"திருப்பி வெச்சீங்களா? எங்கேருந்து?"

கிருஷ்ணப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னைக்குக் கரிநாளு. கரிநாள்ல எவனாவது புதுசா ஒரு காரியம் தொடங்குவானா? நீ வர்றதுக்கு மின்னாடியே மெஷின நல்ல முகூர்த்தத்துக்குத் தள்ளி வெச்சிட்டேன். போன வாரம் புதங்கெழமை. நம்ம பொண்ணு கல்யாணத்தன்னிக்கி."

லினக்ஸில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரே வித்தைதான். அதற்கான பாஸ்வேர்டைப் பூஜையறையில் ஒட்டி வைத்திருந்தார்.

லியோனார்ட் வாயை மூட மறந்து திரும்பி வந்து, ஒன்பது நாளுக்கு முன் பிறந்ததைக் காட்டு என்று கேட்டான். அன்று ஆபீசே கல்யாணத்தில் இருந்தது. ஒருவரும் ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. ஆகவே ஒரே ஒரு கோப்பு வந்து நின்றது. செபஸ்தியார். லியோனார்ட் எந்த நேரத்தில் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை பாயசம் கேட்டானோ, அதே நேரத்தில் ராயபுரத்தில் இறாலுக்குப் பேப்பர் அடித்திருக்கிறான். இவர்களில் எந்த லியோனார்டுக்குச் சம்பளம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

அச்சடித்த தாளோடு ஓடினான். ஜெயவேல் அதைப் பிடுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். காக்கைகள் முணுமுணுத்தபடி எழுந்தன. வாசலுக்கு வந்த கிருஷ்ணப்பன் கையை உயர்த்தி வண்டியை மறித்தார்.

"இர்றா. எமகண்டம் முடியட்டும்."

"அதுக்குள்ள கேட்ட மூடிடுவான் மொதலாளி!" என்றான் லியோனார்ட், அழாத குறையாக.

ஜெயவேல் வண்டியை விட்டு இறங்கினான். கையிலிருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி, பக்கவாட்டுத் திருகை இழுத்து, பெரிய முள்ளை நிதானமாக முன்னோக்கி ஒரு சுற்றுச் சுற்றி முதலாளியிடம் நீட்டினான்.

கிருஷ்ணப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்றும் பார்த்தார்.

"முடிஞ்சிட்ச்சு. போ, போ! இன்னும் இன்னாத்துக்கு நிக்கிறே?" என்று வழிவிட்டார்.